சிவப்புப் புள்ளி ஆகாது அண்ணிக்கு

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த மூன்றாவது நாள் என் மியூசிக் சிஸ்டத்தின் கழுத்தை நெரித்தாள்.

காலேஜிலிருந்து வந்து பையை வீசிவிட்டு ரிமோட்டை அழுத்துகிறேன், அது கம்மென்று இருக்கிறது. முகப்பில் எப்போதும் எரிகிற சிவப்புப் புள்ளியைக் காணவில்லை. போச்சு, உப்புக் காற்று தின்றுவிட்டது என்று நினைத்தேன். மரக்காணத்தில் எந்தச் சாமான் வாங்கினாலும் அதன் ஆயுளில் பாதியைக் கடல் எடுத்துக்கொள்ளும். பின்னால் எட்டிப் பார்த்தால், யாரோ பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

"யாரு இத புடுங்கினது?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

"நான்தான் பாப்பா." சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் புதுப்பெண். தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. "காலைல நீ அத அணைச்சிட்டு போனதா நெனச்சினு இருக்க. அது அணையல. கண்ண மூடிக்கினு முழிச்சினு இருந்துது."

எனக்கு வந்ததே கோபம்! கல்யாணமாகி வந்து மூன்று நாள், அதற்குள் என் அறைக்குள் என்ன வேலை? அம்மாவிடம் போய் ஒரு பாட்டம் அழுதேன். அம்மா சிரித்தாள். அன்று காலையில் டிவி, விசிடி பிளேயர், அண்ணன் புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த பெரிய ஸ்பீக்கர் செட் எல்லாவற்றுக்கும் அதே கதி நேர்ந்திருந்தது.

அண்ணி பெருமுக்கல்லில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம், புதுச்சேரி பக்கம் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து கூட்டிப் போகும். நாள் முழுக்க உட்கார்ந்து சர்க்யூட் பலகையில் ஈயத்தை உருக்கி வைப்பார்கள். அவள் கொண்டுவந்த சீர் வரிசையில் பித்தளை அண்டாவுக்குள் துண்டில் சுற்றி ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் ஒன்று இருந்தது. அண்டாவைக் கவிழ்த்த அத்தைமார்கள் அதை என்னவோ ஏதோ என்று பார்த்து, கடைசியில் தலைமுடி சுருட்டுகிற கருவி என்று முடிவு செய்தார்கள். நல்லவேளை, யாரும் சுருட்டிப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பாதி என்பதே ஆகாது. குழாய் சொட்டினால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவாள். கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும், இல்லை மூடியிருக்க வேண்டும். திண்டிவனத்தில் ஒரு டெய்லர் என் ஜாக்கெட்டுக்கு மூன்று வாரமாக "நாளைக்குப் பாக்கலாங்க" சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி ஒருநாள் என்னோடு வந்தாள். "தைக்கிறேன்னு சொல்லுங்க, இல்ல முடியாதுன்னு சொல்லுங்க. ரெண்டுல எது சொன்னாலும் சந்தோஷமா போறேன்" என்று சொல்லிவிட்டு அவருடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். மதியத்துக்குள் ஜாக்கெட் முடிந்தது. பொத்தான்கூட வைத்துக் கொடுத்தார் மனுஷர்.

ஒருமுறை அவள் ஊர் மலைக்கோயிலுக்குப் போனோம். பாதி ஏறியதும் நான் ஒரு பாறையில் சாய்ந்துவிட்டேன். "ஏறினா ஏறு பாப்பா, எறங்கினா எறங்கு. நடுவுல ஒக்காந்து காத்து வாங்கினா ரெண்டும் வராது" என்றாள். அவள் பேச்சு எல்லாமே இப்படித்தான், சுவிட்ச் போட்ட மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் அவளுக்கு எதிரிகள் நிறைய. உப்பளத்தில் நல்ல விளைச்சல் வந்த வருஷங்களில் அப்பா சாமானாக வாங்கிக் குவித்திருந்தார். டிவி, அதற்கு ஸ்டெபிலைசர், விசிடி, கார்ட்லெஸ் போன், மைக்ரோ ஓவன். நான் படிக்கிறேன் என்று ஒரு கம்ப்யூட்டர், அதன் கூடவே யூபிஎஸ். விளக்கை அணைத்தால் கூடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் முழிக்கும். அப்பாவுக்கு அது பெருமை. அண்ணிக்கு அது உறுத்தல். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே போவாள். பின்னாலேயே நான் சொருகிக்கொண்டே வருவேன். ஒரு வருஷம் இந்தச் சண்டை நடந்தது. பிடுங்கிச் சொருகியதில் பாதி பிளக்குகளின் கால் ஆடிப்போயிற்று. பித்தளை முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது.

ஃபிரிட்ஜை மட்டும் தொடமாட்டாள். "அது வேலை செய்யுது. சும்மா நிக்கிறதுதான் எனக்கு ஆகாது" என்பாள்.

இனி உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

பாத்தியில் வருஷத்தின் முதல் உப்பு பூத்ததும் அப்பா தன் கையாலேயே ஒரு கூடை வாருவார். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டோர் ரூம் மூலையில் கொட்டி வைப்பார். அது லட்சுமி. அடுத்த வருஷ முதல் உப்பு வருகிறவரை அதை யாரும் நகர்த்தக் கூடாது, பெருக்கக் கூடாது, ஒரு கல் எடுத்துக் குழம்பில் போடக் கூடாது. சுனாமி வந்துபோன வருஷம் எங்கள் பாத்தி முழுக்கச் சேறு. இந்த வருஷம் உப்பே கிடையாது என்று அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஆட்களை வைத்துச் சேற்றை வழித்து, வரப்பை எழுப்பி, தண்ணீர் கட்டி, சித்திரை பிறந்து சில நாளில் வெள்ளையாக ஒரு தகடு மின்னியது. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாராம். அந்த வேகத்தில் அவர் ஒரு கூடையோடு நிற்கவில்லை. நாலு மூட்டை கொண்டுவந்து கொட்டினார். ஸ்டோர் ரூம் மூலையில் இடுப்புயரத்துக்கு ஓர் அம்பாரம் எழுந்தது.

அந்த ஆடி மாதம் ரீடிங் எடுப்பவர் வந்து மீட்டரைப் பார்த்தார், ரீடிங் எழுதுகிற வெள்ளை அட்டையைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். "சார், ஏசி கீசி போட்டீங்களா?" என்றார். போன தடவை எழுதியதை விட அவ்வளவு ஏறியிருந்தது.

அப்பா நேராக என்னைப் பார்த்தார். "நாளையிலிருந்து பாட்டுப் பெட்டியும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது."

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இருபது வருஷம் ஆகப் போகிறது, இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது. என் பாட்டுப் பெட்டியைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. "என்னையே சொல்லுங்கப்பா. பின்பக்க பல்பு ஒயரு வேலி மேலதான் போவுது. யாராச்சும் கொக்கி போட்டு இழுத்தா நமக்கு தெரியுமா? அந்தோணி அண்ணன் வூட்ல கூட புதுசா டிவி சத்தம் கேக்குது" என்றேன்.

அந்தோணி அண்ணன் எங்கள் பின்பக்கத்து வீட்டுக்காரர். பத்து வருஷமாக எங்கள் பாத்தியில் உப்பு வாருகிறவர். ஸ்டெல்லா அக்கா அவர் மனைவி. சேற்றை வழித்ததில் முக்கால்வாசி அவர்கள் இருவரும் வழித்தது. அவர்கள் வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த ஒற்றை பல்பு இணைப்புதான், மீட்டர்கூடக் கிடையாது. அதில் டிவி எப்படி ஓடும்? நான் போட்ட நெருப்பு சட்டென்று பற்றிக்கொண்டது. அப்பா அன்று சாயங்காலமே அந்தோணி அண்ணனை வேலி ஓரம் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு பாத்தி பக்கம் வராதப்பா. விசாரிச்சிட்டு சொல்றேன்" என்றார். எதை விசாரிக்க என்று சொல்லவில்லை. ஊருக்கு மட்டும் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார்.

அண்ணிக்கு விஷயம் தெரிந்ததும் மாவு அரைத்த கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, அவங்க டிவி பேட்டரில ஓடுது. லாரி பேட்டரி. நானே பாத்தேன்."

"பேட்டரி சும்மா நம்ம கண்ணுக்கு காட்றதுக்கும்மா."

"கரண்ட்டு நம்ம வூட்லதான் போவுது மாமா. திருடன் உள்ளதான் கீறான்." பக்கத்தில் இருந்த கார்ட்லெஸ் போனின் அடாப்டரைக் காட்டினாள். "தொட்டு பாருங்க."

அப்பா தொட்டார். வெதுவெதுவென்று இருந்திருக்க வேண்டும், கையை எடுத்துவிட்டார்.

"யாரும் பேசல, யாரும் தொடல. இதுக்கு எதுக்கு காய்ச்சல்? இந்த மாதிரி நம்ம வூட்ல எத்தினி இருக்குது பாருங்க. ரெண்டு நாள் குடுங்க. எல்லாத்தையும் அணைச்சிட்டு மீட்டர் சக்கரத்த நிறுத்தி காட்றேன்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா நீங்க சொல்றதுதான் மாமா. சனிக்கிழமை போய் எழுதி குடுங்க."

எனக்குத் திக்கென்றது. அவள் பேச்சில் நடுவே நிற்கிற வழக்கம் கிடையாதே! சக்கரம் நின்றால் அந்தோணி அண்ணன் தப்பித்தார். நிற்காவிட்டால் பத்து வருஷ வேலையும் போய், திருட்டுப் பட்டமும் வந்து சேரும். அன்று வியாழக்கிழமை.

உடனே கிளம்பினாள். கடைத்தெருவில் எலெக்ட்ரிக்கல் கடையில் சாக்கெட், சுவிட்ச், தடித்த ஒயர் எல்லாம் வாங்கினாள். தச்சர் கொடுத்த பலகைத் துண்டுகளில் மூன்று நீளப் பெட்டி அடித்தாள். சால்டரிங் அயர்ன் ஒரு வருஷத்துக்கு அப்புறம் வெளியே வந்தது. ஈயம் உருகுகிற வாசனையில் அவள் முகம் பளபளவென்று இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அதுவரை அவளை எங்கள் வீட்டு மருமகளாகத்தான் பார்த்திருந்தேன். தன் வேலை தெரிந்த ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். உப்புக் காற்று உள்ளே போகாமல் இணைப்பு ஒவ்வொன்றிலும் கிரீஸ் தடவினாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து சாக்கெட், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய சுவிட்ச். டிவி பக்கம் ஒன்று, என் கம்ப்யூட்டருக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. சுவிட்ச் மட்டும் குனியாமல் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

"இனிமே புடுங்கவும் வேணாம், சொருகவும் வேணாம். ஒரே தட்டு, அஞ்சும் அவுட்டு" என்றாள்.

நான் அதற்கு அஞ்சு தலைப் பாம்பு என்று பேர் வைத்தேன். இதே சங்கதி இப்போது கடைகளில் அழகான அட்டைப்பெட்டியில் வருகிறது. எங்கள் வீட்டில் அன்றைக்கே மூன்று ஓடின, தேக்குப் பலகையில்.

வெள்ளிக்கிழமை காலையில் சோதனை. வராண்டாச் சுவரில் மீட்டர். கண்ணாடிக்குள் ஒரு அலுமினியச் சக்கரம் படுத்தவாக்கில் சுழலும், அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மீட்டருக்கு முன்னால் காவல். அண்ணி உள்ளே போய் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டினாள். போன் அடாப்டரைப் பிடுங்கினாள். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அணைந்தன.

"இப்ப?" என்று உள்ளிருந்து கத்தினாள்.

"மெதுவா ஆயிடுச்சு அண்ணி! நல்லா மெதுவா ஆயிடுச்சு!"

ஓடிக்கொண்டிருந்தது நடக்க ஆரம்பித்து, நடந்தது தவழ ஆரம்பித்தது. நில்லு, நில்லு என்று வாய்விட்டே சொன்னேன். கறுப்புக் கோடு கண்ணாடியின் இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. நகர்ந்தது. நடுவுக்கு வந்தது. வலது ஓரத்தில் மறைந்தது. அண்ணி வந்து என் தோளுக்கு மேலே பார்த்தாள். கோடு மறுபடி இடது ஓரத்தில் வந்தது.

"வூட்ல ஒரு பொட்டு எரியல" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "இன்னமும் ஓடுது. யாருக்காக ஓடுது?"

அண்ணி பின்பக்கம் போய் நின்றாள். வேலிக்கு அந்தப்பக்கம் அந்தோணி அண்ணன் உப்பு வாருகிற பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலைக்கே போகாதபோது அதை எதற்குக் கழுவ வேண்டும்? கழுவிய பலகையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய் என் அறையில் உட்கார்ந்தேன். பாட்டுப் பெட்டியைப் போடவே தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்ப, அண்ணி வாசலில் நின்றாள். கையில் ஒரு டெஸ்டர்.

"மாமா, அஞ்சு நிமிஷம். ஃப்யூஸ் கட்டைங்க ஒண்ணொண்ணா கழட்டி பாக்கறேன். எந்த லைன்ல போவுதுன்னு தெரிஞ்சிடும்."

மீட்டருக்குக் கீழே நாலு வெள்ளைப் பீங்கான் கட்டைகள். ஒவ்வொன்றும் வீட்டின் ஒரு பக்கத்துக்கு. மறுபடி வீட்டையே அணைத்துவிட்டு அண்ணி முதல் கட்டையைப் பிடுங்கினாள்.

"ஓடுது!" என்றேன்.

இரண்டாவது. "ஓடுது!"

மூன்றாவது. "ஓடுது அண்ணி!"

நாலாவதைப் பிடுங்கினாள். சக்கரம் டக்கென்று நின்றது. நான் "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று குதித்தே விட்டேன்.

"அது எந்த லைனு?" என்று அப்பா கேட்டார்.

அண்ணி ஒரு நொடி தயங்கினாள். "சமையல் ரூமு, ஸ்டோர் ரூமு..." என்றவள், விழுங்கிக்கொண்டு, "பின்பக்க பல்பு" என்றாள்.

"பாத்தியா!" அப்பா தொடையில் தட்டினார். "பின்பக்க பல்பு ஒயரு! நான் இன்னா சொன்னேன்?"

நான் சொன்னது அது. அவர் சொன்னதல்ல. என் குதிப்பெல்லாம் காலோடு இறங்கிப் போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அண்ணி சமையலறைக்குப் போய் ஸ்டூல் மேல் ஏறி, சுவிட்ச் போர்டைக் கழற்றி, பின்பக்கம் போகிற ஒயரைத் தனியாகப் பிரித்துக் கட் செய்தாள். இனி வேலி மேல் போகிற ஒயரில் எறும்புகூடக் கரண்ட் குடிக்க முடியாது. "பாப்பா, கட்டைய போடு" என்றாள். நாலாவது கட்டையைச் சொருகினேன்.

சக்கரம் அசைந்தது. கறுப்புக் கோடு இடது ஓரத்தில் வந்தது.

"ஓடுது" என்றேன். இந்த முறை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா! "அப்பா, ஓடுதுப்பா! பின்பக்க ஒயரே இல்ல, அப்பவும் ஓடுது!"

அப்பா எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

அப்படியானால் சமையலறை, இல்லையென்றால் ஸ்டோர் ரூம். சமையலறையில் சுவிட்ச் எல்லாம் அணைந்தே இருந்தன. அண்ணி ஸ்டோர் ரூமில் டெஸ்டரோடு நின்று சுற்றிப் பார்த்தாள். ஒரே ஒரு பல்பு ஹோல்டர். அதுவும் அணைந்திருந்தது.

"அத்த, இங்க வேற பாயிண்ட்டு இருக்குதா?"

அம்மா யோசித்தாள். "முன்ன கிரைண்டர் இங்கதான் இருந்துது. அதுக்கு கீழ ஒரு பாயிண்ட்டு வச்சாங்க. அது..." என்று கையை நீட்டியவள், அப்படியே நிறுத்திவிட்டாள். அவள் கை உப்பு அம்பாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. "அம்மாடி! அந்தப் பக்கம் ஈரத்துணி போட்டு தொடச்சா சுருக்கு சுருக்குன்னு இழுக்கும். நான் கை நரம்புல கோளாறுன்னு தைலம் தேச்சினு இருக்கேன்!"

எல்லோரும் உப்பைப் பார்த்தோம். ஆடி மாதக் காற்றில் வியர்த்து, அடிப்பக்கம் ஈரமாகக் கசிந்துகொண்டு, குங்குமப் பொட்டோடு லட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி கூடையை எடுத்தாள். "அத தொடாதம்மா" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். "அந்த சேத்துல பூத்த உப்பு அது. அடுத்த உப்பு வர்ற வரைக்கும் அது நகரக் கூடாது."

"தெரியும் மாமா." அண்ணி கூடையைக் கீழே வைத்தாள். வைத்த கூடை அவர் காலடியில் இருந்தது. "அந்த சேத்த அள்ளினது யாருன்னும் தெரியும்."

மாமனாரிடம் இப்படிப் பேசிய மருமகளை எங்கள் சொந்தத்தில் நான் பார்த்ததில்லை. அப்பா அவளைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். உப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குனிந்தார்.

"இருங்க மாமா!" அண்ணி ஓடிப்போய் நாலாவது கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "இப்ப அள்ளுங்க."

அப்பா அள்ளினார். கூடை கூடையாக அள்ளினார். சுவர் தெரியத் தெரிய உப்பின் நிறம் மாறியது. வெள்ளை மங்கிப் பழுப்பானது, பழுப்பு பச்சையானது. கடைசியில் முழங்கால் உயரத்தில், பச்சைக் கட்டியாக இறுகின உப்புக்குள்ளிருந்து பழைய கிரைண்டர் பாயிண்ட் வெளிவந்தது. மூன்று துளையிலும் உப்பு அடைத்துக் கிடந்தது. பக்கத்திலேயே அதன் சுவிட்ச். ஆன் செய்தபடியே இருந்தது. எந்தக் காலத்தில் யார் போட்டதோ! அப்பா அந்தக் கட்டியைத் தொட்டுவிட்டு, "சூடா இருக்குதும்மா" என்றார். போன் அடாப்டரைத் தொட்ட அதே கையால்தான் தொட்டார்.

அண்ணி கத்தியின் மரப்பிடியால் தட்டி உப்பை உதிர்த்தாள், சுவிட்சைத் தட்டினாள், ஒயரையும் பிரித்தாள். வராண்டாவுக்கு வந்து கட்டையைப் போட்டாள். மூன்று பேர் தலையும் மீட்டர் முன்னால் முட்டிக்கொண்டன. கறுப்புக் கோடு கண்ணாடிக்கு நடுவில் இருந்தது. நடுவிலேயே இருந்தது. அம்மா பின்னாலிருந்து "இன்னாச்சு, இன்னாச்சு" என்கிறாள். அண்ணிதான் முதலில் சிரித்தாள். அந்தக் கோட்டைக் கண்ணாடிக்கு மேலேயே விரலால் தொட்டு, "தூங்கிடுச்சு" என்றாள்.

அப்பா கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சரி, நல்லதாப் போச்சு. வூடு பத்திக்காம தப்பிச்சோம். அந்தோணிக்கு திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வர சொல்லி ஆள் அனுப்பு. கரண்ட் ஆபீசுக்கு நான் போவல."

அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. அண்ணி நகரவில்லை.

"மாமா, இது அணையல."

"இன்னும் இன்னாம்மா?"

"வேலைக்கு வரச் சொன்னா வருவாரு. ஆனா எதுக்கு நிறுத்தனீங்க, எதுக்கு கூப்பிட்டீங்கன்னு நீங்க அவருகிட்ட சொல்லவே இல்ல. ஊர்ல நாலு பேரு இன்னும் சொல்லினுதான் இருப்பாங்க. உள்ள எரிஞ்சினே இருக்கும். அணைச்சா முழுசா அணைச்சிடுங்க."

அப்பாவுக்கு முகம் சிவந்தது. நாங்கள் திட்டு விழப் போகிறது என்றே நினைத்தோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் நடந்தார். நானும் அண்ணியும் பின்னாலேயே ஓடினோம். வேலி ஓரம் நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில், "அந்தோணி! எங்க வூட்டு உப்புதான்ப்பா கரண்ட்ட குடிச்சிருக்குது. நான் உன்ன சந்தேகப்பட்டுட்டேன். தப்பு என்னுது" என்றார்.

அந்தோணி அண்ணன் பலகையைக் கீழே வைத்தார். பிறகு, "இல்லீங்க, நான் கூட ரெண்டு நாளா எங்க வூட்டு ஒயரு எல்லாம் தடவி தடவி பாத்துட்டேங்க. ஒருவேளை எனக்கே தெரியாம எதாச்சும் ஒட்டினு இருக்குதான்னு" என்றார்.

திருடாத மனுஷன் தன் வீட்டிலேயே திருட்டைத் தேடியிருக்கிறார்! அப்பா வேலியின் மேல் கையை வைத்துக்கொண்டு தலை குனிந்தார். அவர் அப்படித் தலை குனிந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அண்ணி எங்களோடு இருந்தது அப்புறம் ஒரு வருஷம்தான். அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டில்கூடக் கடைசிவரை நின்று கை காட்டவில்லை. "போறேன் பாப்பா" என்றாள், போய்விட்டாள். எனக்கு அதில் கோபம் இல்லை. அதற்குள் எனக்கு அவளைத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்பா உள்ளே வந்ததும் வீடு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. அம்மா பாயசத்துக்கு அடுப்பை மூட்டினாள். அப்பா வாசலில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நின்ற சக்கரத்தைக் காட்டினார். நான் என் அறைக்கு ஓடி, சந்தோஷத்தில் ஒரு பாட்டுப் போடலாம் என்று பெட்டியின் பெரிய சுவிட்சில் கையை வைத்தேன். கதவில் சாய்ந்து அண்ணி நின்றிருந்தாள்.

"கொக்கின்னு மாமாவுக்கு மொதல்ல சொன்னது யாரு பாப்பா?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை கேட்டதில்லை. அவள் திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லுவேன் என்று பயமுறுத்தவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான்.

நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். பின்கதவைத் திறந்துகொண்டு, செருப்புக்கூடப் போடாமல், ஸ்டெல்லா அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்த வேலியை நோக்கி நடந்தேன்.